வராத வண்டியின் டிரைவர்

செஞ்சியில் அப்போது வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். பஸ் ஓட்டுகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், தாசில்தாரின் ஜீப்பை ஓட்டுகிறவர். ஆனால் வெறுமனே "டிரைவர்" என்று சொன்னால் ஊரில் அது ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். அவரிடம் வண்டி கிடையாது. நான் அந்த ஊரில் இருந்த ஆறு வருஷத்தில் ஐந்து வருஷம் அவர் ஒரு வண்டியையும் ஓட்டி நான் பார்த்ததில்லை. இருந்தும் தபால்காரரிலிருந்து தாலுகா ஆபீஸ் பியூன் வரைக்கும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் பெண்கள் பள்ளிக்கு டீச்சராகப் போனேன். இருபத்து மூன்று வயது, சுள்ளென்று கோபம் வரும். எங்கள் ஊர்ப் பக்கம் நிலக்கடலை என்பதை அங்கே மல்லாட்டை என்பார்கள். மல்லாட்டை மண்டி வைத்திருந்த ஒரு பாயின் வீட்டுப் பின்கட்டில் எனக்கு ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. என் அறைக்கும் பக்கத்திலிருந்த கார் ஷெட்டுக்கும் ஒரே சுவர். ஷெட் என்றால் ஏனோதானோ என்று போட்ட கொட்டகை இல்லை. சிமெண்டுத் தரை, கூரைக்குக் கீழே வெயில் இறங்காமலிருக்க ஓலைத் தட்டி, இரட்டைக் கதவு. குடிபோன அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, மடிப்புக் கலையாத காக்கி உடுப்பில் ஒருவர் அந்தத் தரையைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். உள்ளே வேறொன்றும் இல்லை.

"வண்டி வெளியில போயிருக்குதா?" என்று கேட்டேன்.

"இன்னும் வரலீங்க டீச்சரம்மா."

"எப்ப வரும்?"

"அடுத்த வருஷம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

பாயின் மனைவியை எல்லோரும் பாயம்மா என்போம். அவருடைய தம்பி சைகோனில் ஜவுளி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். பாய்க்கு மச்சானான அவர், நான் வருவதற்குச் சில மாதம் முன்பு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பிரான்ஸ் தேசத்து வண்டி ஒன்று புது மாடலாக வெளிவரப்போகிறது, கம்பெனி இன்னும் விடவில்லை, விட்டதும் முதல் வரிசையில் வாங்கப் பெயர் பதிந்துவிட்டேன், ஊரோடு திரும்பும்போது அதைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து உங்களிடம் தருவேன் என்று. கூடவே ஒரு பத்திரிகையிலிருந்து கிழித்த வண்ணப் பக்கம். பாய் கடிதம் கிடைத்த மாதமே ஷெட்டைக் கட்டினார். டிரைவரையும் வேலைக்கு வைத்துவிட்டார். எருமை வாங்குமுன் நெய்க்கு விலை பேசுகிற கதையாக இருக்கிறதே என்று நான் ஒருநாள் சிரித்தபோது பாய் கோபித்துக்கொள்ளவில்லை.

"வண்டி எப்ப வேணா வரும் டீச்சரம்மா. நல்ல டிரைவரு எப்ப வேணா கெடைக்கமாட்டான். அதான் மொதல்ல ஆள புடிச்சிட்டேன்" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே ஓடிய பஸ்களில் டிரைவர் ஓட்டியதுதான் பேர்போனது. வேகமும் உண்டு, நேரமும் தவறாது. அப்படிப்பட்டவரைக் கெஞ்சி, நாலு முறை ஆள்விட்டுத்தான் இழுக்க வேண்டியிருக்கும் என்று பாய் நினைத்திருந்தார். ஒரே முறை கேட்டார். மறுநாளே அவர் பஸ் கம்பெனியில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

அந்த வண்ணப் பக்கம் அட்டையில் ஒட்டப்பட்டு ஷெட்டின் உள்சுவரில் தொங்கியது. நீளமான மூக்கு, நாலு கதவு, தரையோடு தரையாகப் பதுங்கின உடம்பு. வண்டி பார்க்க வருகிறவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள். டிரைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விளக்கம் சொல்வார். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் பூகோளம் நடத்துவதைவிடத் தெளிவாக இருக்கும்.

"மணிக்கு நூறு மைலு. நூறுல போனாலும் பின்னால உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியாது. சீட்டு பூரா தோலு. பள்ளத்துல எறங்கினா வண்டிதான் எறங்கும், நாம எறங்க மாட்டோம். கண்ணாடிய ஏத்திட்டா வெளிய இடி இடிச்சாக்கூட கேக்காது."

"நீ பாத்திருக்கிறியா டிரைவரு?" என்று யாராவது கேட்பார்கள்.

"வரட்டும், பாப்போம்."

வண்டி வரட்டும் என்பதுதான் அவர் வாயில் எந்நேரமும் இருக்கிற பேச்சு. வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று மனைவி சொன்னாலும் அதுதான் பதில். மச்சினி கல்யாணத்துக்குச் சீயமங்கலம் போகவேண்டும் என்றாலும் அதுதான். கோட்டைக்குக் கீழே இருந்த மிஷன் பள்ளியில் அந்த அம்மாள் ஆயா வேலை பார்த்தாள். ஒருநாள் என்னிடம், "வராத வண்டிக்கு வாக்கப்பட்ட மாரி இருக்குது டீச்சர் என் பொழப்பு" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. பழகிப்போயிருந்தது.

ஐப்பசி மழையில் மண்டிக்குள் மூட்டை வைக்க இடம் போதாமல் போகும். ஒரு வருஷம் மண்டி மானேஜர் நனைகிற மூட்டைகளோடு நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். டிரைவர் வாசலில் குறுக்கே நின்றுவிட்டார். நாளைக்கு வண்டி வந்து நின்றால் மல்லாட்டைத் தூசி மேலேயா நிறுத்துவது என்று கேட்டார். நாளைக்கு வருகிறதா என்று மானேஜர் கேட்டார். நாளைக்கு வராது என்று உங்களால் எழுதிக் கொடுக்க முடியுமா என்றார் இவர். அறுபது மூட்டை வெளியில் முளைவிட்டது. பாய் அதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கும் அந்தப் பைத்தியம் கொஞ்சம் இருந்தது என்று நினைக்கிறேன்.

வேறு எந்த வண்டியையும் அவர் தொடமாட்டார். இதுதான் ஊருக்கு அவர்மேல் இருந்த மரியாதைக்கும் கேலிக்கும் காரணம். மண்டி லாரியின் டிரைவர் காய்ச்சலில் படுத்தால்கூட இவர் ஏறமாட்டார்.

"லாரி ஸ்டீரிங்கு ஒரு மாதிரி டீச்சரம்மா. அத புடிச்சா கை முரடாயிடும். அந்த வண்டிக்கு ரெண்டு வெரலு போதும்" என்று சொல்லி வலது கையின் இரண்டு விரலை ஆகாயத்தில் மெதுவாகத் திருப்பிக் காட்டுவார். "இத இப்பிடியே வெச்சிருக்கணும். கை கெட்டுப்போச்சின்னா போச்சு."

பாட்டுக்காரர்கள் ஐஸ் தண்ணீர் குடிக்காமல் தொண்டையைக் காப்பாற்றுவது போல இவர் கையைக் காப்பாற்றுகிறார் என்று ஊர் எடுத்துக்கொண்டது. ராத்திரி படுக்குமுன் விளக்கெண்ணெய் தடவிக்கொள்கிறார் என்றுகூட டீக்கடையில் பேச்சு. நானும் முதலில் ரசித்தேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. தெருவில் இலைக்குப்பையோ வைக்கோலோ கிழிந்த கோணியோ கிடந்தால் சும்மா தாண்டிப் போகமாட்டார். நின்று, செருப்பைக் கழற்றி, கால் கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளிப் பார்ப்பார். அப்புறம்தான் போவார். பாம்புக்குப் பயப்படுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் மட்டும் அவருக்கு வெளி வேலை உண்டு. அந்தப் பக்கத்தில் கொள்ளு அறுத்தால் களத்துக்குக் கொண்டுபோவதில்லை. கொடியோடு தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் கொட்டையைப் பிரித்துக் கொடுத்துவிடும். சாயங்காலம் கொடியை உதறிவிட்டுக் கொள்ளைக் கூட்டி அள்ளிக்கொள்ளலாம். காசில்லாத போரடி. சில டிரைவர்கள் ஒதுங்கிப் போவார்கள், திட்டுவார்கள். இவர் பஸ் ஓட்டிய காலத்தில் சீராக, இரண்டு சக்கரமும் பதிய ஏற்றிக் கொடுப்பாராம். அதனால் அந்த ரோட்டு ஊர்களில் அவருக்கு நல்ல பேர்.

அதே மனிதர் இப்போது தை மாதச் சனிக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு திண்டிவனம் ரோட்டில் போய், ரோட்டில் கொள்ளு பரப்பாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை நான் ஊருக்குப் போகும்போது பஸ் பஞ்சராகி, புளியமரங்கள் அடர்ந்த ஒரு சின்ன ஊரில் நின்றது. கிறிஸ்துவக் குடும்பங்கள் நாற்பது ஐம்பது இருக்கும். ரோட்டோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் அந்தோணியம்மா என்கிற ஒரு விவசாயப் பெண்ணிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"ஏன் டிரைவரே, உன் வண்டி வந்தா நம்ம கொள்ள மிதிக்காமயா போயிடும்?" என்றாள் அவள்.

"அது மிதிக்கிற வண்டி இல்ல அக்கா. தரையோட தரையா வர்ற வண்டி. கொடி அடியில சுத்திக்கும். ரோட்ட காலியா வையி."

"அதான் இன்னும் வரலியே."

"வந்துடும். இப்பலேர்ந்தே பழக்கிக்கோங்க. களத்துல அடிங்க."

அவள் சிரித்தாள். நானும் பஸ் ஜன்னலுக்குள் சிரித்தேன். இல்லாத வண்டிக்கு ரோடு ஒதுக்குகிற ஆளை வேறெங்கே பார்க்க முடியும்?

என் சிரிப்பு மூன்றாவது வருஷத்தோடு நின்றுபோனது. பங்குனி மாதம் ஒரு மத்தியானம். மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவனின் மனைவிக்குப் பிரசவ வலி கண்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். மண்டி லாரி நின்றிருந்தது. அதை ஓட்டுகிறவன் அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போயிருந்தான். அந்தப் பெண்ணை வாசலில் கோரைப்பாயில் கிடத்திக்கொண்டு எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். அவர் லாரி நின்ற பக்கம் போனார். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தார். முகம் வேர்த்திருந்தது.

"எனக்கு அது ஒத்து வராது. கை கெட்டுப்போயிடும்" என்றார்.

அந்தப் பெண்ணின் புருஷன் அவர் காலில் விழுந்தான். அவர் காலை இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முக்கால் மணி நேரம் கழித்து வந்த பஸ்ஸில் ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், அவர் புண்ணியத்தில் இல்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பை இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது. ஒரு படத்துக்காக உயிரை விடத் தயாராக இருக்கிறான், அதுவும் அடுத்தவள் உயிரை என்று பாயம்மாவிடமே சொன்னேன். அதற்கப்புறம் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே என் வாசலுக்கு வந்து நின்றார். கையில் ஒரு கடிதம். பழைய பஸ் கம்பெனியிலிருந்து வந்திருந்தது. புதிய தடம் ஒன்று விடுகிறார்கள், திரும்பி வந்தால் பழைய சம்பளத்துக்கு மேலேயே தருகிறோம், இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று இருந்தது. வரமுடியாது என்று ஒரு பதில் எழுதித் தரவேண்டுமாம்.

"என்னன்னு எழுதட்டும்? கை கெட்டுப்போயிடும்னு எழுதட்டுமா?" என்றேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். அதுவரை என் எதிரில் உட்கார்ந்ததில்லை.

"டீச்சரம்மா, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்றதுக்கும் ஒண்ணும் இல்ல. ஒண்ணும் நடக்கல."

நடக்காத அந்த விஷயம் இதுதான். பாய் வேலைக்குக் கூப்பிடுவதற்கு முதல் நாள். காலை பதினொரு மணி நடை. அந்தப் புளியமரத்து ஊரில் ரோட்டை அடைத்துக் கொள்ளு பரப்பியிருந்தார்கள். வழக்கம்போல வேகத்தைக் குறைத்து ஏற்றினார். பாதியில் முன்சக்கரத்துக்கு அடியில் மெத்தென்று எதுவோ ஏறி இறங்கியது. பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிக் கொடியை விலக்கினார். ஒரு பழைய போர்வை, படுக்கை மாதிரி மடித்துப் போட்டது. மேலே சக்கரத்தின் தடம்.

"கைய வெச்சிப் பாத்தேன். சூடா இருந்திச்சி. வெயில் சூடு இல்ல டீச்சரம்மா. ஒடம்புச் சூடு."

பத்தடி தள்ளி மரத்தடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று உட்கார்ந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. இவரைப் பார்த்துச் சிரித்தது. பெரியவர்கள் எல்லாம் நிழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். இவர் ஏறி, பஸ்ஸைத் திருவண்ணாமலை கொண்டுபோய்ச் சேர்த்தார். எப்படிச் சேர்த்தார் என்று அவருக்கு நினைவில்லை.

"மறுநாளு பாய் கேட்டாரு. வண்டி எப்ப வரும்னு கேட்டேன். அடுத்த வருஷம்னாரு. சரின்னுட்டேன்."

"அன்னிக்கு அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"லாரில ஏறி உக்காந்தேன் டீச்சரம்மா. நீங்க பாக்கல. ஏறி உக்காந்தேன். சாவி வரைக்கும் கை போவல."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"இன்னான்னு சொல்றது? ஒண்ணுமே நடக்காததுக்கு பயந்துட்டேன்னா? சிரிக்க மாட்டாங்களா?"

கடிதத்தை எழுதினேன். எங்கள் முதலாளிக்கு மிக உயர்ந்த ரகப் புது வண்டி ஒன்று விரைவில் வரவிருப்பதால் தங்கள் அழைப்பை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன் என்று என் கையாலேயே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அந்தப் பொய்யில் அன்றிலிருந்து நானும் பங்காளி.

அதற்கப்புறம் அவரைப் பார்ப்பது எனக்குச் சிரமமாக இருந்தது. சைகோனிலிருந்து கடிதம் வரும்போதெல்லாம் பாய் அதை ஷெட்டுக்கே வந்து படித்துக் காட்டுவார். மாடல் வெளியாவது தள்ளிப்போகிறது. மாடல் வந்துவிட்டது, வண்டி கைக்கு வரவில்லை. வண்டி கைக்கு வந்துவிட்டது, ஆனால் அங்கே ஒரு வருஷம் ஓட்டிய பிறகுதான் கொண்டுவர முடியும் என்று ஏதோ சட்டம். ஒவ்வொரு முறையும் "வுடுங்க மொதலாளி, வரட்டும், மெதுவா வரட்டும்" என்று இவர்தான் பாய்க்கு ஆறுதல் சொல்வார். என்ன பொறுமை இந்த மனுஷனுக்கு என்று ஊர் மெச்சிக்கொண்டது. தள்ளிப்போகிறது என்ற சொல்லைக் கேட்டதும் அவர் தோள் இறங்குவதைச் என் வாசற்படியிலிருந்து நான் ஒருத்திதான் பார்த்தேன்.

ஐந்தாவது வருஷம் பொங்கல் கழிந்து தந்தி வந்தது. சைகோனில் சண்டை முற்றிவிட்டது, மச்சான் கடையைக் கட்டிவிட்டுக் குடும்பத்தோடு மெட்ராஸில் இறங்கிவிட்டார், வண்டியும் இறங்கிவிட்டது, வியாழக்கிழமை திண்டிவனத்துக்கு வந்து காத்திருங்கள் என்று.

பாய், பாயம்மா, டிரைவர், நான், நாலு பேரும் பஸ்ஸில் திண்டிவனம் போனோம். வண்டியை இறக்குவதற்கான பெர்மிட் கடிதங்களை எல்லாம் இங்கிலீஷில் நான்தான் எழுதினேன் என்பதால் பாயம்மா என்னையும் இழுத்துக்கொண்டார். டிரைவர் அன்றைக்கு வெள்ளை உடுப்பு. பாய் புதிதாகத் தைத்துக் கொடுத்தது. வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப்போச்சு என்றார் பாய்.

வண்டி வந்து நின்றது. படத்தில் இருந்தது போலவேதான் இருந்தது, கருஞ்சிவப்பில். குடும்பத்தை மெட்ராஸில் விட்டுவிட்டு வந்த மச்சான் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார். டிரைவர் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். எதிரே ஸ்டீரிங் இல்லை. சைகோனில் ரோட்டின் வலது பக்கமாக ஓட்டுவார்கள், அதனால் ஸ்டீரிங் இடது பக்கம். ஐந்து வருஷத்தில் யாருக்கும் இது தோன்றவில்லை. மச்சான் சிரித்துவிட்டு, "நீ ஒக்காரு, நான் ஓட்டறேன். பழகினப்புறம் நீ ஓட்டலாம்" என்றார். டிரைவரின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.

மச்சான் ஓட்டிய வேகத்தில் வழியிலிருந்த குன்று ஜன்னலுக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. டிரைவர் சொன்ன அத்தனையும் உண்மை. சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை. பின்சீட்டிலிருந்து பார்த்தால் டிரைவரின் வலது முழங்கால் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை அவர் மிதித்துக்கொண்டே வந்தார். பாயம்மா கண்ணை மூடிக்கொண்டு எதையோ ஓதிக்கொண்டிருந்தார்.

புளியமரத்து ஊர் வந்தது. ரோட்டில் நூறடி நீளத்துக்குக் கொள்ளு. வேறெந்த வருஷமும் அவ்வளவு பார்த்ததில்லை. செய்தி எப்படியோ அங்கே எட்டியிருக்கிறது. நம்ம டிரைவரின் வண்டி வருகிறது, ராசியான கை, இந்த வருஷத்துக் கொள்ளை முதல் மிதி அதுதான் மிதிக்க வேண்டும் என்று ஊரே அறுத்ததை எல்லாம் கொண்டுவந்து கொட்டிப் பரப்பியிருந்தது. ரோட்டோரம் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று கையை ஆட்டினார்கள்.

"நிறுத்துங்க" என்றார் டிரைவர்.

"ஒதுக்கிப் போயிடலாம்" என்ற மச்சான் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒதுங்க இடமும் இல்லை.

டிரைவர் நடுவில் இருந்த கை பிரேக்கைப் பிடித்து இழுத்தார். வண்டி கிறீச்சிட்டுக் குறுக்கே திரும்பி, கொடியின் விளிம்பில் நின்றது. என் நெற்றி முன்சீட்டில் இடித்தது. மச்சான் தமிழில் ஒன்றும் வேறு பாஷையில் ஒன்றுமாகத் திட்டினார். டிரைவர் அதற்குள் இறங்கிவிட்டார்.

அவர் செருப்பைக் கழற்றினார். அந்த வெள்ளை உடுப்போடு குனிந்து கொடியை இரண்டு கையாலும் தூக்கி, அடியில் பார்த்து, அடுத்த அடி எடுத்து வைத்தார். பெண்கள் சிரித்தார்கள். கொள்ளுக்கு மரியாதை செய்கிறார் என்று ஒருத்தி சொன்னாள். அந்தோணியம்மா கிட்டே வந்து, "இன்னா தேடற டிரைவரே? இன்னா உழுந்திச்சி?" என்றாள். அவர் அடுத்த கொடியைத் தூக்கினார். மச்சான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. நூறடி. ஒரு ஆள் அப்படிக் குனிந்து போனால் அரை மணி ஆகும்.

நான் இறங்கினேன். கொள்ளின் மறு முனைக்குப் போய் அங்கிருந்து கொடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். காய்ந்த காம்பு குத்தியது, தூசியில் தும்மல் வந்தது. பள்ளிக்கூடத்தில் இதை யாராவது சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை. மனசில் இத்தனை நாள் கிடந்த கசப்பு எனக்கு அப்போதுதான் போனது. நடுவில் இருவரும் எதிரெதிரே வந்து நின்றோம்.

"என் பக்கம் ஒண்ணும் இல்ல" என்றேன்.

"இந்தப் பக்கமும் இல்ல" என்றார் அவர்.

இடது பக்கக் கதவுக்குப் போய் மச்சானை நகரச் சொன்னார். மச்சான் பாயைப் பார்த்தார். பாய் தலையை அசைத்தார். டிரைவர் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் வண்டி நகர்ந்தது. கொள்ளுக் காய்கள் சக்கரத்தின் கீழ் பட்பட்டென்று வெடித்தன. பாதி தூரத்தில் ஒருமுறை நிறுத்தி இறங்கி, அடியில் சுற்றிக்கொண்ட கொடியைக் கையால் உருவிப் போட்டுவிட்டு மறுபடி ஏறினார். அந்த ஊரைத் தாண்டியபிறகும் வேகம் கூடவில்லை. நூறு மைல் வண்டி பதினைந்து மைல் வேகத்தில் செஞ்சிக்குள் நுழைந்தது. பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த கூட்டம் வண்டியோடு நடந்தே வீடுவரை வந்தது.

ஷெட்டில் நிறுத்தியதும் மச்சான் எல்லோர் முன்னாலேயும் பாயிடம் சொன்னார். "இந்த ஆள நாளைக்கே நிறுத்திடுங்க மச்சான். இது வண்டி ஓட்டறது இல்ல. நல்ல வண்டிய கெடுத்துடுவான்."

பாய் டிரைவரைப் பார்த்தார். இவர் சாவியை வண்டியின் மேலே வைத்தார்.

"அவரு சொல்றது சரிதான் மொதலாளி. எனக்கு பயம். பஸ்ஸ விட்டதே பயத்துலதான். இந்த வண்டி வரவே கூடாதுன்னு ஞாயித்துக்கெழம தவறாம மாதா கோயில்ல முட்டி போட்டு வேண்டிக்கினேன். உங்க சோத்த தின்னுக்கினே வேண்டிக்கினேன்."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. பாய் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. ஐந்து வருஷம் அவரும் ஐந்து வேளையும் அதே வண்டி வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பார். அவர் என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளேயிருந்து பாயம்மாவின் குரல்தான் கேட்டது.

"நாளைக்கு நான் திருவண்ணாமல ஆஸ்பத்திரிக்கு போவணும். டிரைவர காலையில வரச் சொல்லுங்க. தம்பி ஓட்டினா நான் ஏற மாட்டேன்."

பாய் வண்டியின் மேலிருந்து சாவியை எடுத்து டிரைவர் கையில் வைத்தார். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை வண்டி வாசலில் நின்றது. பாயம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தார். எழுந்து சுற்றிவந்தார். இன்னொரு முறை படுத்துப் பார்த்தார். வாசற்படியில் பல் விளக்கிக்கொண்டிருந்த எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் நகரவில்லை. கடைசியில் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். தெரு முனையில் வைக்கோல் ஏற்றிய ஒரு மாட்டு வண்டி பின்னால் வந்து சேர்ந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அதை முந்திப்போகச் சொல்லி ஒதுங்கி நின்றார்.